நான் போட்ட ஒற்றை நட்சத்திரம்

சுனாமி வந்த வருஷம்தான் நான் டிகிரி முடித்தேன். அதே வருஷம்தான் இந்த வேலைக்கும் வந்தேன். அப்பா கேட்பார், "எலே, அந்த டப்பா முன்னால இருந்து நீ என்னதான் செய்யுதே?" நான் ஏதோ சொல்வேன். தேடுபொறி என்பேன், முதல் பக்கம் என்பேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி, கவர்மெண்டு பரிட்சை எப்ப எழுதப் போறே?" என்பார். அக்கம்பக்கத்தில் நான் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை. யார் வீட்டிலாவது பிரிண்டர் கெட்டுப்போனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போய் நிற்பேன். பிரிண்டரைப் பற்றி எனக்கு ஒரு எழவும் தெரியாது.

வேலை இதுதான். யாராவது இணையத்தில் ஒரு சொல்லைத் தட்டித் தேடினால் ஒரு பட்டியல் வருகிறதல்லவா, அதில் நமக்குக் காசு கொடுத்தவனுடைய பக்கம் மேலே நிற்க வேண்டும். கொடுக்காதவன் எங்கே கிடந்தாலும் நமக்குக் கவலையில்லை. நாகர்கோவிலில் ஒரு பிரவுசிங் சென்டரின் மாடியில் ஆறு பேர் உட்கார்ந்து இதைச் செய்தோம். காசு கொடுக்கிற அமெரிக்காக்காரன் பக்கத்தை ஏற்றுவதற்குக் கட்டுரை எழுத வேண்டும். ஒரே கட்டுரையைச் சொல்லை மாற்றி, வரியை மாற்றிப் பத்துக் கட்டுரையாக ஆக்க வேண்டும். வீட்டுக் கூரையில் ஓட்டை விழுந்தால் அடைப்பது எப்படி என்று எத்தனை எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை. அந்த ஐப்பசியில் எங்கள் வீட்டு ஓடு ஒழுகியது. அம்மா நாலு இடத்தில் சட்டி வைத்துவிட்டு, "நீ வெள்ளைக்காரனுக்கு எழுதினதை நம்ம கூரைக்கும் கொஞ்சம் வாசிச்சுக் காட்டு மக்கா" என்றாள். சிரித்தோம். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

கட்டுரையில் இருந்து அடுத்த படி, ஆள் மாறி எழுதுவது. ஆட்கள் கேள்வி கேட்கிற தளத்தில் ஒரு பெயரில் நானே போய், "இந்த மாத்திரை நல்லதா, யாராவது சாப்பிட்டிருக்கிறீர்களா?" என்று கேட்பேன். கொஞ்ச நேரம் கழித்து வேறு பெயரில் நானே வந்து, "என் மாமியார் சாப்பிட்டார், இப்போது படியேறுகிறார்" என்று பதில் சொல்வேன். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை, பாத்துக்கிடுங்க. மாமியாருக்கு எங்கே போவேன்? அதில் தப்பிருப்பதாகவே தோன்றவில்லை. யாரோ வெள்ளைக்காரன், எங்கேயோ இருக்கிறவன், அவனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். முகம் தெரியாதவனிடம் பொய் சொல்லிப் பழகினால், முகம் தெரிந்தவரிடம் சொல்வதற்குப் பெரிய சிரமம் ஒன்றும் இருக்காது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஏழெட்டு வருஷம் கழிந்து கொட்டாரத்தில் ஒரு உரக்கடைக்கு மேலே அறை எடுத்து, சொந்தமாகப் பலகை மாட்டினேன். உள்ளூர் ஆட்களையும் பிடிக்க ஆரம்பித்தேன். கன்னியாகுமரி பக்கத்தில் இருக்கிறது, லாட்ஜுக்குக் குறைவில்லை. வடக்கே இருந்து வருகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் பார்த்துவிடுகிறார்கள். தங்கிப் போனவர்கள் கருத்து எழுதுகிற தளங்கள் அப்போது வந்துவிட்டன. நல்லா இருந்தால் ஐந்து நட்சத்திரம், மோசம் என்றால் ஒன்று. அந்த நட்சத்திரங்களைக் கூட்டிப் பார்த்துத் தளம் ஊருக்கு ஒரு வரிசை போடும். அந்த வரிசையைக் காட்டித்தான் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினேன்.

அப்படி ஏறிய ஒன்று, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பன்னிரண்டு அறை வைத்திருந்த சின்ன லாட்ஜ். வயல் விற்றுக் கட்டியது. நான் போன அன்று முதலாளி அண்ணாச்சி இல்லை. வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, "இரி மக்களே. அண்ணாச்சி பேங்குக்குப் போயிருக்காவ, இப்ப வந்துருவாவ" என்றாள். ஐம்பது வயசிருக்கும். கடற்கரைக்காரி, பேச்சிலேயே தெரிந்தது. சும்மா இருந்தவனுக்குப் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுத் தந்தாள். சீனி போதுமா என்று கேட்டு, போதாது என்றதும் இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.

பேச்சுவாக்கில்தான் அந்தப் பை வந்தது. ஆட்கள் அறையைக் காலி செய்து போகும்போது எதையாவது விட்டுவிட்டுப் போவார்களே, அதையெல்லாம் அவள் சேர்த்து வைத்திருந்தாள். மாடிப்படிக்குக் கீழே துடைப்பம், வாளி வைக்கிற சின்ன அறை. அங்கே ஆணியில் தொங்கிய துணிப்பையை எடுத்து வந்து என் முன்னால் கொட்டினாள். போன் சார்ஜர், மூக்குக் கண்ணாடி, ஒரு கால் சாக்ஸ், கொலுசு, சாமி படம், பல் செட்டு. ஒவ்வொன்றையும் பழைய பெட்ஷீட்டில் கிழித்த துண்டில் முடிந்து, மேலே அறை எண்ணையும் தேதியையும் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தாள். "எழுத்து வராது மக்களே, நம்பர் மட்டும் நல்லா வரும்" என்றாள்.

"இதை அண்ணாச்சிகிட்டக் குடுத்துர வேண்டியதுதானேக்கா?"

"குடுத்தேன், குடுத்தேன். மேசைக்க உள்ள போட்டாவ. அவிய பேரப்பிள்ளைகள் எடுத்து விளையாடி, கடைசில ஒண்ணையும் காணல. பின்னே ஆளுக போன் பண்ணிக் கேட்டா என்ன பதில் சொல்லுதது? அதான் நானே வச்சுக்கிட்டேன்." கொலுசைக் கையில் எடுத்தாள். "இதுக்க ஜோடி ஒரு குழந்தைக்க காலில கிடக்கும். ஒருநாள் இல்லேன்னா ஒருநாள் கேட்டு வருவாவ."

எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் செய்தது எவ்வளவு கேவலம் என்று உங்களுக்குத் தெரியாது.

அண்ணாச்சி வந்தார். நான் வரிசையைக் காட்டினேன், நட்சத்திரத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "தம்பி, நம்ம ரூமு நிறைஞ்சுதான் கிடக்கு. உனக்குக் குடுக்க ஒண்ணும் இல்ல" என்று மரியாதையாகவே அனுப்பிவிட்டார். கோபம் ஒன்றும் வரவில்லை. சவத்த விடு, அடுத்த வீட்டைப் பார்ப்போம் என்று இறங்கிவிட்டேன்.

அடுத்தது கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய ஹோட்டல். லிஃப்ட் உண்டு, கடலைப் பார்த்த பால்கனி உண்டு. அதன் மேனேஜர் என்னை உட்காரவைத்து, வரிசையைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். "பாரும். பன்னிரண்டு ரூம் வச்சிருக்கவன் மேல நிக்கான். நாங்க அவனுக்குக் கீழ கிடக்கோம். இது எந்த ஊரு நியாயம்?" எங்களை ஏற்றிவிட வேண்டும் என்றார். அதற்குப் பிறகு, எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "ஏத்த முடியலேன்னா அவனை எறக்கினாலும் சரிதான்" என்றார். முதல் பெரிய ஹோட்டல் அது. இதைப் பிடித்தால் அந்தச் சாலை முழுவதையும் பிடித்துவிடலாம். சரி சார் என்றேன்.

முறையாகத்தான் வேலையை ஆரம்பித்தேன். சின்ன லாட்ஜுக்கு வந்திருந்த கருத்துகளை ஒன்றுவிடாமல் படித்தேன், எதனால் மேலே நிற்கிறது என்று பார்ப்பதற்கு. லிஃப்ட் இல்லை, டிவி கோடு கோடாய்த் தெரிகிறது, வெந்நீர் வருவதில்லை என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். எழுதிவிட்டு ஐந்து நட்சத்திரமும் போட்டிருந்தார்கள். காரணம் அவள்தான். "இங்கே ஒரு அம்மா இருக்கிறார், என் பர்ஸை அப்படியே எடுத்து வைத்திருந்தார்." "போனை விட்டுவிட்டுத் திருநெல்வேலி வரை போய்விட்டோம், திரும்பி வந்தால் துணியில் முடிந்து தந்தார்கள்." "பெண்பிள்ளைகளோடு நம்பித் தங்கலாம்." எல்லாம் இங்கிலீஷில். தான் இப்படி ஒரு பேர் வாங்கியிருப்பதே அவளுக்குத் தெரியாது. அண்ணாச்சிக்கும் அரைகுறையாகத்தான் தெரியும்.

எந்தத் தூணில் கட்டடம் நிற்கிறதோ அதைத் தட்டினால் போதும் என்பது தொழில் தெரிந்த எவனுக்கும் தெரியும். எனக்குத் தொழில் நன்றாகவே தெரியும்.

எங்களிடம் வளர்த்து வைத்த கணக்குகள் உண்டு. புதுக் கணக்கில் திட்டினால் தளம் சந்தேகப்படும். அதனால் வருஷக்கணக்கில் ஒரு பொய்ப் பெயரில் ஊட்டி நல்லா இருக்கிறது, மூணாறு குளிர்கிறது என்று நல்ல பிள்ளையாக எழுதிக்கொண்டே வருவோம். அப்படி ஒரு புனேக்காரர் என்னிடம் இருந்தார். மனைவியும் வயசான அம்மாவும் உண்டு அவருக்கு. அவர் பெயரில் உட்கார்ந்து எழுதினேன். குளியலறையில் மனைவி மோதிரத்தைக் கழற்றி வைத்ததாகவும், மறந்துவிட்டுக் கிளம்பிப் பாதி வழியில் திரும்பி வந்து கேட்டபோது துப்புரவு செய்யும் பெண் பார்க்கவே இல்லை என்று சாதித்ததாகவும் எழுதினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாசித்துப் பார்த்தேன், எல்லாரும் எழுதுகிற மாதிரி இருந்தது. முழுப் பொய்யை எவனும் நம்ப மாட்டான். நடுவில் ஒரு நிஜம் வேண்டும். இன்னும் ஒரு பத்தி சேர்த்தேன். "மாடிப்படிக்குக் கீழே துடைப்பம் வைக்கும் அறையில் ஒரு துணிப்பை தொங்குகிறது. அதில் விருந்தினர்களின் நகையும் பொருட்களும் நிறைய இருப்பதை என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு இது வழக்கம் போலிருக்கிறது. குடும்பத்தோடு போகிறவர்கள் ஜாக்கிரதை." ஒற்றை நட்சத்திரம் போட்டு அனுப்பினேன்.

அப்போது எனக்கு வருத்தம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. நல்லா அமைந்துவிட்டது என்று ஒரு முறை சத்தமாக வாசித்துப் பார்த்தேன். உரக்கடைக்காரரிடம் சொல்லிச் சாயா வரவழைத்துக் குடித்தேன். வேறு கணக்குகளில் இருந்து இன்னும் மூன்று பேர் போய் ஆமாம், எங்களுக்கும் அப்படித்தான் என்றார்கள். மூன்று பேரும் நான்தான். கொஞ்ச நாளில் லாட்ஜ் வரிசையில் சரசரவென்று இறங்கியது. ஹோட்டல் மேனேஜர் போனில், "கெட்டிக்காரன் வேய் நீரு" என்றார். அந்த வார்த்தை இன்னும் காதில் கிடக்கிறது, தூ.

நாலைந்து மாசம் இருக்கும். ஒரு நாள் காலையில் மாடிப்படியில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. சின்ன லாட்ஜ் அண்ணாச்சி. கையில் நாலாக மடித்த காகிதம்.

"தம்பி, நீ அன்னைக்கு வந்து சொன்னே. எனக்குப் புத்தி இல்ல, திருப்பி அனுப்பினேன்." உட்கார்ந்தார். காகிதத்தை விரித்தார். நான் எழுதியதுதான், பிரிண்ட் எடுத்திருந்தார். பேத்தி காலேஜில் படிக்கிறாளாம், அவள்தான் வாசித்து அர்த்தம் சொன்னாளாம். "வாசிச்சதும் நெஞ்சு பதறிப்போச்சு. நம்ம லாட்ஜில இப்படியான்னு நேரே மாடிப்படிக்குக் கீழ போய்ப் பாக்கேன், பை தொங்குது. அவன் எழுதினது அச்சு மாறாம அப்படியே இருக்கு. கொலுசு, கண்ணாடி, எல்லாம். கையும் களவுமால்லா பிடிச்சேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"என்ன சொல்லுவா? ஆளுக வந்து கேட்டா குடுக்க வச்சிருக்கேன்னா. மோதிரத்த எங்கடின்னு கேட்டேன். பாக்கவே இல்லேன்னு மாதா மேல ஆணையிடுதா. அழுகா. பதினாலு வருசம் தம்பி. ஒண்ணு ரெண்டத் திருப்பிக் குடுத்து நல்ல பேர் வாங்கிட்டு, மத்தத அமுக்கியிருக்கா. நான் ஒரு மடையன்."

இல்லாத மோதிரத்தை அவள் எங்கே இருந்து எடுத்துத் தருவாள்?

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது என்று எழுதினால் அதுவும் பொய். வரவில்லை. அவர் பேசப் பேச நான் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், இவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும், ஹோட்டல் மேனேஜர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று. அண்ணாச்சி கேட்டது இரண்டு. அந்தக் கருத்தைத் தளத்தில் இருந்து எடுக்க முடியுமா? முடிகிறவரை அதற்குக் கீழே லாட்ஜ் சார்பில் ஒரு பதிலாவது எழுத முடியுமா? "அவளை அனுப்பியாச்சுன்னு நல்லா ஓங்கி எழுது தம்பி. இனி அப்படி நடக்காதுன்னு."

எழுதினேன். அவரை எதிரே உட்காரவைத்துக்கொண்டே தட்டினேன். "தங்களுக்கு நேர்ந்த அனுபவத்துக்கு மன்னிப்புக் கோருகிறோம். விசாரணையில் குற்றம் உறுதியானது. சம்பந்தப்பட்ட பணியாளர் உடனே நீக்கப்பட்டார்." நானே புகார், நானே விசாரணை, நானே தீர்ப்பு. தமிழில் வாசித்துக் காட்டினேன். அண்ணாச்சி தலையை ஆட்டி, "இப்பதான் மனசுக்குக் கொஞ்சம் சமாதானம்" என்றார். மாசாமாசம் லாட்ஜ் வேலையையும் நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கருத்தை எடுக்க எனக்கு ஒரு நொடி போதும். என் கணக்குதானே. ஆனால் உடனே எடுத்தால் சந்தேகம் வரும் என்று இரண்டு வாரம் கிடக்கவிட்டேன். பிறகு அதையும் மற்ற மூன்றையும் எடுத்துவிட்டு, ரொம்பக் கஷ்டப்பட்டு எடுத்தேன் என்றேன். அண்ணாச்சி போகிற இடமெல்லாம் சொன்னார். கெட்ட கருத்தை எடுக்கத் தெரிந்த ஆள் கொட்டாரத்தில் இருக்கிறான் என்று தக்கலையில் இருந்தெல்லாம் ஆள் வந்தது. கையில் வேலை நிறைந்தது. ஹோட்டலுக்கும் நான்தான், லாட்ஜுக்கும் நான்தான். என் தொழில் நிமிர்ந்தது அந்த வருஷம்தான். அதை மறைக்க என்ன இருக்கிறது, அவளைத் தூக்கிப் போட்ட இடத்தில்தான் நான் ஏறி நின்றேன்.

எங்கள் வீட்டுக்கு வாரம் மூன்று நாள் மீன் கொண்டுவருகிற அக்கா ஒருத்தி உண்டு. அவளும் கடற்கரைதான். ஒரு நாள் அம்மாவுக்குச் சாளை எண்ணிப் போட்டுக்கொண்டே பேசினாள். நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "எங்க தெருவில ஒருத்தி, கன்னியாரில லாட்ஜில நின்னவ. திருடினான்னு அனுப்பிட்டாங்க. சேசுவே, அவளைப் போயா! எங்க குருசடி சாவி அவகிட்டத்தான் இருந்துச்சு." குருசடி என்றால் தெருமுனையில் சிலுவை வைத்துக் கட்டியிருக்கிற சின்னக் கோயில். காலையில் திறந்து, பெருக்கி, விளக்குப் போட்டு, சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் பூட்டுவது யாராவது ஒருத்தர் பொறுப்பு. தெருவே நம்புகிற ஆளிடம்தான் சாவியைத் தருவார்கள். "அந்தச் சாவியை வாங்கி வேற ஆளுகிட்டக் குடுத்துட்டாங்க. அதுலதான் அவ ஒடைஞ்சு போனா. வேலை போனதுக்குக்கூட அவ்வளவு அழல."

அம்மா, "எந்த நாசமாப் போறவன் வேலையோ!" என்றாள். பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்தேன்.

இரண்டு நாள் விட்டு மீன்கார அக்காவின் ஊருக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை, 'லாட்ஜில நின்னவ' என்றதும் ஒரு பையன் ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டே கை காட்டினான். வீட்டு முன்னால் பழைய வலையை விரித்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, கம்ப்யூட்டர் யாவாரம் பேச வந்த பிள்ளைல்லா? இரி மக்களே, இரி. வெயிலா இருக்கு, உள்ள வா."

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். இணையத்தில் எழுதியது நான், மோதிரம் என்று ஒன்று இல்லவே இல்லை, பையைப் பற்றி நீங்கள் சொன்னதை வைத்துத்தான் எழுதினேன், இன்னொரு ஹோட்டல்காரருக்காக. அவளுக்குப் பாதி புரியவில்லை. திரும்பவும் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது புரிந்துவிட்டது. கையில் இருந்த நெத்திலியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நான் உனக்குச் சாயா போட்டுல்லா தந்தேன்?" என்றாள்.

வந்து தங்கினவர்கள் எல்லோரும் உங்களைப் பற்றி நல்லவிதமாக எழுதியிருக்கிறார்கள் அக்கா, உங்களால்தான் அந்த லாட்ஜே மேலே நின்றது என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன், மூடன். "அத ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலியே மக்களே" என்று அப்போதுதான் அழுதாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்கக்கா."

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுதே?" சத்தம் உயர்ந்துவிட்டது. "நான் எடுக்கலேன்னு எனக்குத் தெரியாதா? அதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு. இந்தத் தெருவில போய்ச் சொல்லு."

அண்ணாச்சியிடம் பேசி வேலையைத் திரும்ப வாங்கித் தருகிறேன் என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. வேண்டாம் என்று கையை ஆட்டினாள். "அங்க இனி காலெடுத்து வைக்க மாட்டேன். நீ ஒண்ணு செய். ஞாயித்துக்கெழம சாயங்காலம் குருசடில ஜெபமாலை முடிஞ்சு ஆளுக எல்லாம் இருப்பாவ. அங்க வா. வந்து உன் பேரைச் சொல்லி, நான்தான் பொய்யா எழுதினேன், இவ எடுக்கலேன்னு சொல்லு. ரெண்டு வார்த்தை. அது போதும் எனக்கு. உன்னை ஒருத்தரும் ஒண்ணும் செய்யாம நான் பாத்துக்கிடுதேன்." பிறகு கேட்டாள், "உன் பேரு என்ன மக்களே?"

சொன்னேன். வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "வருவியா?"

"வாறேன்க்கா. சத்தியமா வாறேன்."

போனேன். அதைச் சொல்லத்தான் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போனேன். பைக்கை வலை வைக்கிற கொட்டகை ஓரத்தில் நிறுத்திவிட்டு நின்றேன். அங்கிருந்து குருசடி தெரியும். இன்னும் வெளிச்சம் இருந்தது. முப்பது நாற்பது பேர் மணலில் பாய் போட்டு உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் முன்வரிசையில் இருந்தாள், வெள்ளையில் நீலக்கரை போட்ட சேலை, எடுத்து வைத்திருந்து கட்டியது போல மடிப்புக் கலையாமல். அவளுக்குப் பக்கத்தில், எல்லோரையும் பார்த்தபடி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. ஊரில் பெரிய ஆட்கள் பேச வந்தால் போடுகிற மாதிரி. யாருக்கு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். வார்த்தையைக்கூடப் பைக்கில் வரும்போதே அடுக்கி வைத்திருந்தேன். அப்போதுதான் இரண்டாவது வரிசையில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற அக்காவைப் பார்த்தேன். அவள் அங்கே இருப்பாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அவள் தெருதானே. செவ்வாய்க்கிழமை கூடையை இறக்கி வைத்துவிட்டு அம்மாவிடம் சொல்வாள். அந்த நாசமாப் போறவன் உன் பிள்ளைதான் என்று சொல்வாள். அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. தொழில் போகும் என்றுகூட நினைக்கவில்லை, அம்மா முகம் எப்படிப் போகும் என்று மட்டும் நினைத்தேன். இவள் முகம் எப்படிப் போனது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன்தான் நான்.

ஜெபமாலை முடிந்தது. ஆட்கள் எழுந்திருக்கப் போனார்கள். அவள் இரு கையையும் நீட்டி, கொஞ்சம் இருங்க, இருங்க என்று எல்லோரையும் உட்காரவைப்பது தெரிந்தது. பிறகு சாலையைத் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். எனக்கு வழி தெரியாமல்தான் நிற்கிறேன் என்று நினைத்திருப்பாள் போல. கையை உயர்த்தி, "இங்கன, இங்கன" என்று கூப்பிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஹெல்மெட்டை மாட்டினேன். பைக்கைத் திருப்பினேன். கண்ணாடியில் பார்த்தபோதும் அவள் கை கீழே இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை. அந்தச் சாலையிலேயே போவதில்லை, சுற்றித்தான் போவேன். சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று மீன்கார அக்காவிடம் கேட்டால் தெரிந்துவிடும். கேட்க வாய் வராது. பொய்க் கருத்து எழுதுவதை நிறுத்திவிட்டேன், ஆனால் தொழிலை விடவில்லை. என்னிடம் இப்போது பதினைந்து பேர் வேலை செய்கிறார்கள். காலேஜுகளில் கூப்பிட்டு மாலை போட்டுப் பேசச் சொல்கிறார்கள். ஆரல்வாய்மொழி பக்கம் ஒரு காலேஜில் ஒரு பெண் எழுந்து, "சார், வாடிக்கையாளர் நம்பிக்கையை எப்படி வாங்குவது?" என்று கேட்டாள். அரைமணி நேரம் பதில் சொன்னேன். நன்றாகக் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

இதை எழுதி முடித்து ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். லாட்ஜ் பெயர் இல்லை, ஹோட்டல் பெயர் இல்லை, அவள் ஊர் எது என்றும் இல்லை. அவளுக்குச் சங்கடம் வரக்கூடாது என்றுதான் விட்டேன் என்று சொல்லலாம், கேட்கிறவர்கள் நம்பவும் செய்வார்கள். ஆனால் அவள் கேட்டது என் பெயரைத்தான். அதை நான் இதிலும் எழுதவில்லை.